மென் அளவீடு: குவாண்டம் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஹைசன்பர்க் தோற்றார்", "எதிர்காலம் கடந்த காலத்தை மாற்றுகிறது" என்றெல்லாம் தலைப்பு போட்ட காணொளிகளை என் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி அனுப்புவார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத்திலிருந்து மோட்டாரில் டவுனுக்கு வந்து படிக்கிற பிள்ளைகள். அவர்களுடைய ஆர்வம் உண்மையானது. அதற்குக் கிடைக்கும் தீனிதான் சரியில்லை. இப்படிப்பட்ட காணொளிகள் பலவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம் இருக்கிறது: மென் அளவீடு.

1988-இல் யாகிர் அஹரோனோவ், டேவிட் ஆல்பர்ட், லெவ் வைட்மன் என்ற மூவர் இதை முன்வைத்தார்கள். வழக்கமான குவாண்டம் அளவீட்டில் கருவியின் முள் தெளிவாக நகரும், விடை கிடைக்கும், துகளின் பழைய நிலை போய்விடும். மென் அளவீட்டில் துகளுக்கும் கருவிக்கும் உள்ள தொடர்பை மிகவும் குறைத்துவிடுகிறோம். துகளால் முள் நகரும் தூரத்தைவிட, முள் தானாகவே ஆடும் ஆட்டம் பல மடங்கு அதிகம். எங்கள் பக்கத்துச் செம்பனை ஆலைகளில் லோரியை ஏற்றி நிறுக்கும் மேடை இருக்கிறதே, அதில் ஒரே ஒரு உதிரிப் பழத்தை வைத்து நிறுப்பது போல. ஒரு தடவை பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெவ்வேறு பழங்களை லட்சக்கணக்கில் ஒவ்வொன்றாக வைத்துச் சராசரி எடுத்தால், பழத்தின் சராசரி எடை மெல்ல வெளியே வரும்.

முதல் தவறு இங்கேயே நடக்கிறது. "துகளைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துவிட்டார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தொடர்பைப் பாதியாகக் குறைத்தால் ஒரு துகளுக்கு ஏற்படும் தொந்தரவு கால்வாசியாகும், சரிதான். ஆனால் அந்தத் துகளிடமிருந்து கிடைக்கும் தகவலும் கால்வாசியாகிவிடும். அதே துல்லியம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு துகள்கள் வேண்டும். மொத்தக் கணக்கில் எதுவும் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஆகவே ஒரே ஒரு துகளின் மென் அளவீட்டு முடிவைப் பற்றி யாராவது பேசினால் அங்கேயே நிறுத்தி, எத்தனை துகள்களின் சராசரி என்று கேளுங்கள்.

அடுத்தது பெரிய தவறு. மற்ற எல்லாக் குழப்பங்களுக்கும் இதுதான் தாய் என்று நினைக்கிறேன். அந்த 1988 கட்டுரையின் தலைப்பே, ஸ்பின் அரை கொண்ட துகளின் ஸ்பின்னை (சுழற்சி போன்ற ஓர் உள்ளார்ந்த குவாண்டம் பண்பை) அளந்தால் 100 வரக்கூடும் என்கிறது. கணக்கு எளிதாக இருக்க, கிடைக்கக்கூடிய விடைகள் +1, −1 என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருக்க 100 எப்படி வந்தது?

துகளின் ஸ்பின்னை ஒரு திசையில் தயார் செய்கிறோம். நடுவில் மென்மையாக அளக்கிறோம். கடைசியில் இன்னொரு திசையில் வழக்கமான அளவீடு ஒன்றைச் செய்து, நமக்கு வேண்டிய விடை தந்த துகள்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றின் பதிவுகளை ஒதுக்கிவிடுகிறோம். இந்த வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சிய முள் அளவுகளின் சராசரியிலிருந்து கிடைப்பதுதான் மென் மதிப்பு. தயார் செய்த திசைக்கும் வடிகட்டும் திசைக்கும் இடையே உள்ள கோணத்தில் பாதியின் டேன்ஜென்ட்தான் அது. (நாம் அளக்கும் திசை அதே தளத்தில், வடிகட்டும் திசைக்குச் செங்குத்தாக இருக்கிறது.) 100 வேண்டுமென்றால் கோணம் ஏறத்தாழ 178.85 பாகை, அதாவது கிட்டத்தட்ட நேர் எதிர்த் திசை. அப்போது வடிகட்டியைத் தாண்டும் துகள்கள் 10,001-க்கு ஒன்று.

இதை வெண்பலகையில் போட்டுக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, மீதி பத்தாயிரம் எங்க போச்சு?" கேட்க வேண்டிய கேள்வி அதுதான். காணொளிகளில் அந்தப் பத்தாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

100 வரும் வழியையும் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். குவாண்டம் கணக்கில் முள்ளின் நிலையும் ஓர் அலைதான். அந்த அலை இரண்டு பங்காகிறது: +1 பக்கம் கொஞ்சம் நகர்ந்தது ஒன்று, −1 பக்கம் கொஞ்சம் நகர்ந்தது ஒன்று. வடிகட்டிய பின், மொத்தத்தை 1 என்று கொண்டால் முதல் அலைக்கு 50.5 பங்கு, இரண்டாவதற்கு −49.5 பங்கு. கூட்டினால் 1. அந்தப் பங்குகளை வைத்துச் சராசரி எடுத்தால் 50.5-உம் 49.5-உம் சேர்ந்து 100. இரண்டு பெரிய அலைகள் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்துக்கொள்கின்றன, மிஞ்சும் சிறு அலையின் நடுப்புள்ளி தூரமாகப் போய் நிற்கிறது. செம்பனைப் பழத்தில் இது நடக்காது, ஏனென்றால் அங்கே கழித்தல் குறி போட்ட பங்கு கிடையாது. அந்தக் கழித்தல் குறிதான் இதில் உள்ள குவாண்டம். 1989-இல் டக், ஸ்டீவன்சன், சுதர்சன் ஆகியோர் இந்தக் கணக்கைத் துல்லியமாகச் செய்து, புதிய இயற்பியல் எதுவும் தேவையில்லை, அலைகளின் குறுக்கீடே போதும் என்று காட்டினார்கள். அந்தச் சுதர்சன் கோட்டயம் பக்கத்தில் பிறந்தவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

ஆகவே "அந்தத் துகளின் ஸ்பின் 100" என்று சொல்லக்கூடாது. "இப்படித் தயார் செய்து, இப்படி வடிகட்டிய கூட்டத்தின் மென் மதிப்பு 100" என்று சொல்ல வேண்டும். வாக்கியம் நீளம்தான், ஆனால் சுருக்கினால் பொய்யாகிவிடும். 2024-இல் ருபிடியம் அணுக் கூட்டத்தில் ஒளித்துகள் "எதிர்மறை நேரம்" செலவிட்டதாக வந்த செய்தியும் இந்த வகைதான். எந்தக் கடிகாரமும் பின்னோக்கி ஓடவில்லை.

நிச்சயமின்மைக் கோட்பாட்டைத் தந்த ஹைசன்பர்க் விஷயத்துக்கு வருவோம். 2012-இல் டொரோண்டோவில் நடந்த ஒரு சோதனை மென் அளவீட்டைப் பயன்படுத்தியது. உடனே நிச்சயமின்மைக் கோட்பாடு பொய்த்தது என்று செய்தி பரவியது. இரண்டு தனித்தனிக் கூற்றுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியதன் விளைவு இது. இடம், உந்தம் இரண்டும் ஒரே நேரத்தில் கூர்மையாக இருக்கும்படி எந்த நிலையையும் தயார் செய்ய முடியாது என்பது ஒன்று. இதைக் கென்னார்ட் 1927-இல் நிறுவினார், அதை யாரும் அசைக்கவில்லை. ஒன்றை அளக்கும்போது ஏற்படும் பிழைக்கும், மற்றொன்றில் விளையும் தொந்தரவுக்கும் இடையே உள்ள உறவு வேறு. சோதனை தொட்டது இதைத்தான். அதிலும் "பிழை", "தொந்தரவு" என்பவற்றை ஜப்பானிய அறிஞர் ஒசாவா வரையறுத்தபடி எடுத்தால் ஹைசன்பர்க் சொன்ன எல்லை மீறப்படுகிறது. புஷ், லாத்தி, வெர்னர் 2013-இல் வேறு வரையறையை எடுத்து, எல்லை நிற்கிறது என்று நிறுவினார்கள். இரண்டும் சரியான கணக்குகளே. எந்த வரையறை என்று சொல்லாமல் வெற்றி தோல்வி பேசுவது வெறும் சத்தம்.

2011-இல் அதே டொரோண்டோவில் ஸ்டைன்பர்க் குழு இரட்டைப் பிளவுச் சோதனையில் ஒளித்துகள்களின் பாதைகளை வரைந்து காட்டியது. அழகான படம், நான் வகுப்பில் காட்டுவேன். ஆனால் அதிலுள்ள எந்தக் கோடும் தனி ஒளித்துகள் போன தடம் இல்லை. அந்தந்தப் புள்ளியில் கிடைத்த சராசரி உந்தங்களை ஒட்டிச் சேர்த்த கோடுகள் அவை. துகளுக்கு எப்போதும் திட்டமான பாதை உண்டு என்ற டேவிட் போம் 1952-இல் சொன்ன பாதைகளோடு பொருந்துகின்றன என்பது உண்மை. அதனால் போம் நிரூபிக்கப்பட்டார் என்பது தவறு. குவாண்டம் கோட்பாட்டின் மற்ற விளக்கங்களும் இதே படத்தைத்தான் எதிர்பார்க்கின்றன.

மென் மதிப்பு ஒரு பூதக்கண்ணாடி என்ற பேச்சும் உண்டு. 2008-இல் ஹோஸ்டனும் குவியட்டும் ஒளிக்கற்றையின் மிகச் சிறிய விலகலை இந்த முறையால் பெருக்கி, ஓர் ஆங்ஸ்ட்ராம் (ஏறத்தாழ ஓர் அணுவின் அளவு) வரைக்கும் உணர்ந்தார்கள். பெரிய சாதனைதான். கருவியின் குறைபாடுகள் சில வகையில் தடையாக இருக்கும்போது இது உதவும். எப்போதும் உதவும் என்று சொல்லிவிட முடியாது, ஒளியில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டோம் அல்லவா.

கடைசியாக, எதிர்காலம் கடந்த காலத்தை மாற்றும் கதை. பின்னால் வடிகட்டுவதால், நடுவில் நடந்தது மாறியது போலத் தோன்றுகிறது. அஹரோனோவ் இரு திசைக் காலப் பார்வையை (கடந்த காலத்தோடு எதிர்காலமும் சேர்ந்தே இப்போதைய நிலையை நிர்ணயிக்கிறது என்பதை) உண்மையாகவே நம்புகிறார். 1964-இல் பெர்க்மன், லெபோவிட்ஸுடன் சேர்ந்து அதற்கு அடித்தளம் போட்டார். அது மதிக்கத்தக்க ஒரு விளக்கம். சோதனை அதைக் கட்டாயப்படுத்தவில்லை. வடிகட்டாமல் எல்லா முள் அளவுகளையும் சேர்த்துப் பார்த்தால், பின்னால் எந்தத் திசையைத் தேர்ந்தெடுத்தாலும் சராசரி மாறாது. ஆகவே இந்த வழியில் நேற்றைக்குச் செய்தி அனுப்ப முடியாது.

அப்படியானால் எல்லாமே வெறும் புள்ளிவிவர வித்தையா? 2014-இல் ஃபெர்ரியும் கோம்ஸும் நாணயச் சுண்டலிலேயே 100 வரவழைத்துக் காட்டி, ஏறக்குறைய அப்படித்தான் வாதிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மென் மதிப்பைப் பெரிதாக நினைப்பது போலவே, ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் தவறு. அதே 2014-இல் மேத்யூ பியூசி ஒன்றை நிறுவினார். எந்தச் சோதனையாலும் வேறுபடுத்த முடியாத இரண்டு செயல்முறைகள் இருந்தால், அடியில் உள்ள உண்மை நிலையிலும் அவை ஒன்றாகத்தான் இருக்கும் என்று நாம் இயல்பாக நம்புகிறோம். அளவீட்டின் தொந்தரவு போதிய அளவு சிறியதாக இருக்கும்போது, +1, −1 எல்லையைத் தாண்டிய மென் மதிப்பு ஒன்று கிடைத்தால், அந்த நம்பிக்கையோடு அதை எந்த வகையிலும் விளக்க முடியாது. நாணயம் சுண்டும் உதாரணத்தில் தொந்தரவு சிறியதாக இல்லை, அதனால் அங்கே அப்படி எந்த நெருக்கடியும் வராது.

படிவம் ஆறு பிள்ளைகள் இதன் முழு நிரூபணத்தை இப்போதே படிக்க வேண்டியதில்லை. 50.5, −49.5 கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும். கோணத்தை 90 பாகைக்கு மாற்றினால் மென் மதிப்பு 1, பங்குகள் 1, 0, பாதித் துகள்கள் வடிகட்டியைத் தாண்டும். அங்கிருந்து கோணத்தைக் கொஞ்சம் கூட்டினால் இரண்டாவது பங்குக்குக் கழித்தல் குறி வந்துவிடும்.