ஏகாதசி விரதம்: நாளைத் தேர்வதிலிருந்து பாரணை வரை

ஒரே மாதத்து ஏகாதசிக்கு ஒரு நாட்காட்டி புதன்கிழமை என்றும், இன்னொன்று வியாழக்கிழமை என்றும் போட்டிருப்பதைப் பார்த்துத் திகைத்துப் போய், கடைசியில் எந்த நாளிலும் விரதம் இருக்காமல் விட்டுவிடுபவர்கள் பலர். இரண்டு நாட்காட்டிகளும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவை பின்பற்றும் விதிகள்தாம் வேறு. பஞ்சாங்கத்தை நாமே பார்த்து நாளை உறுதிசெய்துகொள்ளவும், ஏகாதசிக்கு முந்தைய தசமி முதல் அடுத்து வரும் துவாதசி வரை விரதத்தை முறையாக நடத்தவும் புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தேவையானதை இங்கே எழுதுகிறேன். உண்ணாமல் இருப்பது இந்த விரதத்தின் எளிய பகுதி. எந்த நாளில் தொடங்குவது, எந்த நேரத்தில் உண்டு விரதத்தை முடிப்பது (இதுவே பாரணை) என்ற இரண்டும் தெளிவாகிவிட்டால் மற்றவை தாமாகவே அமைந்துவிடும்.

படி 1: பஞ்சாங்கத்தைத் தேர்ந்தெடுத்தல்

தினசரி கிழிக்கும் தாள் நாட்காட்டி இதற்குப் போதாது. அதில் திதியின் (சந்திரனைக் கொண்டு கணக்கிடும் நாளின்) பெயர் இருக்கும். சில சமயம் முடியும் நேரமும் இருக்கும். ஆனால் முந்தைய நாளின் தசமியையும் அடுத்த நாளின் துவாதசியையும் ஒரே பார்வையில் ஒப்பிட முடியாது. மாதம் முழுவதையும் ஒரே பக்கத்தில் காட்டும் புத்தகப் பஞ்சாங்கத்தையே நான் பரிந்துரைப்பேன்.

வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டில் எது என்ற கேள்வி உடனே எழும். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாக்கியங்களின் (கணக்கைச் சொல்லும் சூத்திரத் தொடர்களின்) கணக்கை அப்படியே பின்பற்றுகிறது. திருக்கணிதம் வானில் காணப்படும் நிலைக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. இதனால் ஒரே திதி முடியும் நேரம் இரண்டிலும் வேறுபடும். கிரகண நேரத்தோடு ஒத்துப்போவதால் எனக்குத் திருக்கணிதத்தில் நம்பிக்கை அதிகம். ஆயினும் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் குலதெய்வக் கோயிலும் வாக்கியத்தைப் பின்பற்றினால் அதையே பின்பற்றுங்கள். எதைத் தேர்ந்தாலும், வசதிக்குத் தக்கபடி மாதத்துக்கு மாதம் மாற்றிக்கொள்ளக் கூடாது.

படி 2: எந்த நாள் ஏகாதசி?

இந்தப் படியில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எனக்கும் தெளிவு வரக் காலம் பிடித்தது இதில்தான் என்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையேயுள்ள கோணத்தின் கணக்கு. அந்தக் கோணம் 12 பாகை கூடும்போது ஒரு திதி முடிந்து அடுத்தது தொடங்குகிறது. வளர்பிறை ஏகாதசி 120 பாகையில் தொடங்கி 132 பாகையில் முடிகிறது; தேய்பிறை ஏகாதசி 300 முதல் 312 வரை. சந்திரனின் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி ஏறத்தாழ 19 மணி நேரத்தில் முடிந்துவிடுவதும் உண்டு, 26 மணி நேரத்தை ஒட்டி நீள்வதும் உண்டு. ஆகவே பகலில், மாலையில், நள்ளிரவில் என எந்த நேரத்திலும் திதி மாறலாம்.

பஞ்சாங்கத்தில் "தசமி 58-0" என்று இருந்தால், அன்றைய சூரிய உதயத்திலிருந்து 58 நாழிகை வரை தசமி இருக்கிறது என்று பொருள். ஒரு நாழிகை 24 நிமிடம். நாழிகையை இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் மணி கிடைத்துவிடும். 58 நாழிகை என்பது 23 மணி 12 நிமிடம். சூரிய உதயம் காலை 6 மணி என்று வைத்துக்கொண்டால், தசமி மறுநாள் விடியற்காலை 5.12-க்கு முடிகிறது. பஞ்சாங்கத்தின் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை நீள்வது. ஆங்கிலத் தேதியோ நள்ளிரவில் மாறிவிடுகிறது. ஆகவே புதன்கிழமை வரியில் போட்டிருக்கும் 58 நாழிகை, நம் கைக்கடிகாரத்தில் வியாழன் விடியற்காலை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது இதே எடுத்துக்காட்டில் வியாழக்கிழமையைப் பாருங்கள். சூரிய உதயமான 6 மணிக்கு ஏகாதசி வந்துவிட்டது. உதயத்தில் தசமி கலக்கவில்லை என்பதால் ஸ்மார்த்த மரபினருக்கு (ஸ்மிருதி நூல்களைப் பின்பற்றுபவர்களுக்கு) அன்றே விரதம். வைணவ மரபிலோ சூரிய உதயம் அளவன்று, அருணோதயமே அளவு. அருணோதயம் என்பது உதயத்துக்கு முந்தைய 4 நாழிகை, அதாவது 96 நிமிடம். நம் எடுத்துக்காட்டில் அது 4.24-க்குத் தொடங்குகிறது. அப்போது தசமி இன்னும் இருக்கிறது. இந்தக் கலப்பைத் தசமி வேதை என்பார்கள்; வேதையுள்ள ஏகாதசியை விட்டுவிட்டு மறுநாள் வெள்ளிக்கிழமை துவாதசியன்று வைணவர்கள் உபவாசம் இருப்பார்கள். இரண்டு நாட்காட்டிகள் இரண்டு கிழமைகளைக் காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சுருக்கமான சோதனை ஒன்று: தசமி 56 நாழிகைக்குள் முடிந்துவிட்டால் பெரும்பாலும் இரு மரபினருக்கும் ஒரே நாள், அதைத் தாண்டி, ஆனால் மறுநாள் உதயத்துக்கு முன் முடிந்தால் இரண்டு நாள். ஏகாதசியோ துவாதசியோ இரண்டு உதயங்களைத் தொடுவது போன்ற நிலைகளுக்குத் தனி விதிகள் இருப்பதால், அந்த மாதங்களில் மட்டும் குடும்ப வாத்தியாரிடமோ உங்கள் மடத்தைச் சேர்ந்தவர்களிடமோ கேட்டுக்கொள்வது நல்லது.

படி 3: தசமி

தசமியன்று நண்பகலில் ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பூசைக்கான துளசியையும் அன்றே பறித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். துவாதசியில் துளசி பறிக்கக் கூடாது என்பது விதி, ஏகாதசியிலும் பல வீடுகளில் பறிப்பதில்லை. மூன்றாம் நாள் காலையில் துளசியில்லாமல் நிற்கும் நிலை இதனால் தவிர்க்கப்படும்.

படி 4: ஏகாதசி

முழு உபவாசமே முதன்மையானது. இயலாதவர்கள் தண்ணீர், பால், பழம் என்று படிப்படியாகத் தளர்த்திக்கொள்ளலாம். தளர்த்தினாலும் அரிசியும் பிற தானியங்களும் சேர்க்கக் கூடாது. தண்ணீர், கிழங்கு, பழம், பால், அவிசு (வேள்வியில் இடும் உணவு), அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுக்காதவை என்று சாத்திரமே சொல்கிறது. எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் எண்பது நிறைந்தவர்களுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் முழு உபவாசத்தில் இறங்க வேண்டாம். உடலை வருத்தி மயங்கி விழுவதை எந்த நூலும் புண்ணியம் என்று சொல்லவில்லை.

முரன் என்ற அசுரனை அழிக்கத் திருமாலின் திருமேனியிலிருந்து தோன்றிய சக்தியே ஏகாதசி என்பது புராணம். ஐந்து ஞானேந்திரியங்கள், ஐந்து கர்மேந்திரியங்கள், பதினொன்றாவதாக மனம் ஆகிய அனைத்தையும் இறைவன் பக்கம் திருப்பும் நாள் என்று பெரியோர் விளக்குவர். எனவே பகல் தூக்கமும் வீண் பேச்சும் இல்லாமல், விஷ்ணு சகஸ்ரநாமமோ திவ்வியப் பிரபந்தமோ ஓதி, இயன்றவரை இரவு கண்விழித்திருப்பதே இந்த நாளின் உயிர். வயிற்றைப் பட்டினி போட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் முன் பொழுதைக் கழிப்பதை என்னால் விரதமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

படி 5: துவாதசிப் பாரணை

விடிந்ததும் குளித்துச் சாப்பிட்டுவிடலாம் என்று நினைப்பது தவறு. துவாதசியின் முதல் கால் பங்குக்கு ஹரிவாசரம் என்று பெயர். அந்த நேரத்தில் பாரணை கூடாது. ஏகாதசி பின்னிரவு 2 மணிக்கு முடிந்து, துவாதசி 24 மணி நேரம் நீள்வதாக வைத்துக்கொண்டால், காலை 8 மணி வரை ஹரிவாசரம். அதற்குப் பிறகே உண்ண வேண்டும்.

மறுபுறம், துவாதசி முடிவதற்குள் பாரணை நடந்தாக வேண்டும். ஏகாதசியன்று காலை 7.30-க்கே ஏகாதசி முடிந்து, மறுநாள் காலை 6.40-க்குத் துவாதசியும் முடிந்துவிடும் மாதங்கள் உண்டு. 6 மணிக்கு உதயம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 40 நிமிடம் மட்டுமே. சமையலை விடியுமுன்பே தொடங்கிவிட வேண்டும். நேரம் போதாதபோது என்ன செய்வது என்பதைப் பாகவதத்தின் ஒன்பதாம் கந்தத்தில் அம்பரீஷன் வரலாறு காட்டுகிறது. விருந்தாக வந்த துர்வாசர் நீராடப் போய்த் திரும்பத் தாமதமாகிறது. துவாதசியோ முடியப் போகிறது. விருந்தினருக்கு முன் உண்பதும் பிழை, பாரணையைத் தவறவிடுவதும் பிழை என்ற நிலையில், பெரியோரைக் கேட்டு, அம்பரீஷன் தண்ணீரை மட்டும் பருகிப் பாரணையை முடிக்கிறான். உண்டதாகவும் ஆயிற்று, உண்ணாததாகவும் ஆயிற்று. இன்றும் அவசரத்தில் துளசி தீர்த்தம் பருகிப் பாரணை செய்வதற்கு இதுவே ஆதாரம்.

பாரணைச் சமையலில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் முக்கியம், புளி கூடாது. அகத்தியின் காம்புகளை முற்றிலும் நீக்கிப் பொடியாக நறுக்கி, வெந்த பயத்தம்பருப்போடும் தேங்காய்த் துருவலோடும் சேர்த்தால் கசப்பு அடங்கிவிடும். சுண்டைக்காயை நெய்யில் வறுத்தும், நெல்லிக்காயைத் தயிர்ப் பச்சடியாகவும் செய்யலாம். புளிக்குழம்புக்குப் பதிலாக மோர்க்குழம்பு போதும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு, தங்கள் ஊரிலும் இதே கிழமைதானா என்று வெளிநாட்டிலிருந்து சிலர் கேட்டதற்காகச் சேர்க்கிறேன். திதி முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் சூரிய உதயம் ஊருக்கு ஊர் வேறு. ஆகவே சென்னையில் வியாழக்கிழமை என்றால் டொரண்டோவில் புதன்கிழமையாக அமையக்கூடும். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தின் கிழமையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் ஊரின் பெயரைக் கொடுத்துக் கணக்கிடும் செயலியைப் பயன்படுத்துங்கள். அதில் கோடைக்கால நேர மாற்றம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மற்ற விரதங்களுக்கும் உதயத் திதியைத்தான் பார்க்க வேண்டுமா என்று வேறு சிலர் கேட்டிருந்தனர். அப்படியன்று. பிரதோஷத்துக்கு மாலையில் சூரியன் மறையும் வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும்போது சதுர்த்தி இருக்க வேண்டும். சிவராத்திரிக்கு நள்ளிரவில் தேய்பிறைச் சதுர்த்தசி இருக்க வேண்டும். சிவராத்திரிப் பகல் முழுவதும் நாட்காட்டியில் திரயோதசி என்றே இருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. நள்ளிரவில் எந்தத் திதி என்பதை மட்டும் நாழிகைக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.