சில்வராடோ பிக்கப்பில் பாடி கண்ட்ரோல் மாட்யூலை மாற்றுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியவில்லை. ரிமோட்டை அழுத்தினால் லாக் அசையவில்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடித்து, இரண்டே நொடியில் அணைந்துவிட்டது. டாஷ்போர்டில் செக்யூரிட்டி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டு நண்பரின் 2005 ஷெவர்லே சில்வராடோ, இரவு முழுக்க மழை பெய்த ஒரு காலையில் இப்படி நின்றுவிட்டது. விளக்கு, லாக் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான பாடி கண்ட்ரோல் மாட்யூலை நாங்கள் இருவரும் சேர்ந்து மாற்றினோம். அந்த வேலையைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டி எது என்று பாருங்கள். இங்கே சொல்வது 2003 முதல் 2006 வரை வந்த சில்வராடோவுக்கு. 2007-ல் மட்டும் கவனம் தேவை. அந்த ஆண்டு பழைய உருவம் ‘கிளாசிக்’ என்ற பெயரிலும், புதிய உருவம் தனியாகவும் விற்பனையாயின. கிளாசிக் என்றால் இந்த முறை பொருந்தும். புதிய உருவத்தில் மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் முறையே மாறிவிட்டது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் பாடி மாட்யூலும் எஞ்சின் மாட்யூலும் ஒரே ‘பி.சி.எம்.’ ஆகிவிடுகின்றன. குழப்பம் வேண்டாம் என்று கடைசிவரை ‘பாடி மாட்யூல்’, ‘எஞ்சின் மாட்யூல்’ என்றே எழுதுகிறேன்.

உள்விளக்குகள், கதவு லாக், பகலில் தானாக எரியும் முன்விளக்கு, சாவியை எடுத்த பிறகும் சற்று நேரம் ரேடியோவுக்குக் கிடைக்கும் கரண்ட் எல்லாம் பாடி மாட்யூலின் பொறுப்பு. இதைவிட முக்கியமானது, திருட்டுத் தடுப்பு. சாவி துவாரத்தில் இருக்கும் பாஸ்லாக் சென்சாரைப் படித்து, ‘சரியான சாவிதான், பெட்ரோல் விடலாம்’ என்று எஞ்சின் மாட்யூலுக்குச் சொல்வது இதுதான். அந்தச் செய்தி போகாவிட்டால் எஞ்சின் பிடித்த உடனே நின்றுவிடும்.

மாற்றுவதற்கு முன்: குற்றவாளி அதுதானா?

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். பேட்டரி இறங்கியிருந்தாலும், எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலும், ஒரே ஒரு ஃபியூஸ் போயிருந்தாலும் மேலே சொன்ன தொல்லைகளில் பாதி வரும். நல்ல மாட்யூலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதற்குக் காசு கொடுத்தால் கோளாறு அப்படியே இருக்கும்.

பேட்டரியில் ஆரம்பியுங்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது மல்டிமீட்டர் 12.6 வோல்ட் பக்கத்தில் காட்டவேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்புறம் ஃபியூஸ். ஓட்டுநர் கதவைத் திறந்தால் டாஷ்போர்டின் இடது ஓரத்தில் ஒரு மூடி தெரியும். அதற்குள் ஒரு பெட்டி, பானெட்டுக்குள் இன்னொரு பெட்டி. ஃபியூஸைக் கண்ணால் மட்டும் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். டெஸ்ட் லாம்பை அதன் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் எரியவேண்டும்.

அடுத்து ஸ்கேன் கருவி. எஞ்சினின் கோடு (பழுதைச் சொல்லும் குறியீட்டு எண்) மட்டும் படிக்கிற மலிவான கருவி போதாது. எல்லா மாட்யூலோடும் பேசுவது வேண்டும். மற்ற மாட்யூல்கள் பதில் சொல்லி, பாடி மாட்யூல் மட்டும் மௌனமாக இருந்து, யூ1064 என்ற கோடு வந்தால் சந்தேகம் சரியான திசையில் போகிறது. பாடி மாட்யூலோடு தொடர்பு அறுந்தது என்பதே அந்தக் கோடின் பொருள். எந்த மாட்யூலுமே பேசவில்லை என்றால் பழுது, மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் ஒயரான தகவல் லைனில் இருக்கலாம். ஸ்கேன் கருவியை மாட்டும் சாக்கெட்டின் 2-ம் எண் பின்னில் (உலோக முனையில்) அந்த லைன் வருகிறது. ஒரு மாட்யூல் பழுதாகி அந்த லைனின் வோல்டேஜைக் கீழே இழுத்துப் பிடித்தால் எல்லோர் குரலும் அடைத்துப் போகும்.

மாட்யூல் செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன், அதற்குக் கரண்டும் எர்த்தும் வருகிறதா என்று அதன் கனெக்டரிலேயே பார்க்கவேண்டும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகடிவ் டெர்மினலிலும், சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கமாக எர்த் ஒயரிலும் வையுங்கள். சாவியை ஆன் செய்து முன்விளக்கைப் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அதற்கு மேல் போனால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். ஒயரைக் குத்தி அளக்காதீர்கள். அந்தத் துளை வழியே ஈரம் போய்ச் சில மாதங்களில் ஒயர் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும்.

இன்னொன்று. இந்த வண்டிகளில் ‘டிங் டிங்’ என்ற எச்சரிக்கை ஒலி வருவது கம்பெனி ரேடியோ வழியாக. யாராவது வேறு ரேடியோ போட்டிருந்தால் அந்த ஒலி இல்லாமல் போகலாம். அதற்காக பாடி மாட்யூலைச் சந்தேகிக்க வேண்டாம்.

நண்பரின் வண்டியில் எர்த் சரியாக இருந்தது, கரண்டும் வந்தது. ஆனால் கனெக்டரைக் கழற்றியதும் பின்களில் பச்சை நிறத்தில் அரிப்பு பூத்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் முன்கண்ணாடி மாற்றியிருக்கிறார். மேல் ஓரத்தில் பசை விட்டுப்போய், மழைநீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து இறங்கியிருக்கிறது. அதனால் எங்கள் முதல் வேலை கண்ணாடியைச் சரிசெய்து, குழாயில் தண்ணீர் அடித்துப் பார்ப்பதாக இருந்தது. ஒழுக்கை அடைக்காமல் புதிய மாட்யூலைப் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

எதை வாங்குவது?

பழைய மாட்யூலின் ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்து, அதைக் காட்டி வாங்குங்கள். ஜங்க்யார்டில் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அதற்குள் வேறொரு வண்டியின் அடையாள எண் பதிந்திருக்கும். புரோகிராம் செய்து தரப்போகிறவரிடம் ‘பழையதை எடுத்துக்கொள்வீர்களா’ என்று கேட்டுவிட்டே வாங்கவேண்டும். முதல்முறை செய்பவர்கள் புதியது வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

கையோடு க்ளவ் பாக்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுங்கள். மூன்றெழுத்து, மூன்றெழுத்தாக வண்டியின் வசதிகள் அத்தனையும் அதில் இருக்கும். ஏ.யூ.3 என்றால் பவர் லாக், ஏ.யூ.0 என்றால் ரிமோட், டி61 என்றால் பகல் விளக்கு. புரோகிராம் செய்யும்போது இவை தேவைப்படும்.

கழற்றி மாட்டுவது

8 மி.மீ ஸ்பானர், 7, 10 மி.மீ சாக்கெட், பிளாஸ்டிக் நெம்பி, தலையில் மாட்டும் டார்ச் இருந்தால் போதும்.

1. ஜன்னலை இறக்கிவிட்டு, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றுங்கள். டீசல் வண்டியில் இரண்டு பேட்டரி. இரண்டிலும் நெகடிவைக் கழற்றவேண்டும். பத்து நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் சுற்றில் தேங்கிய கரண்ட் வடிவதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. மஞ்சள் நிற கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றில் மீட்டரையோ டெஸ்ட் லாம்பையோ வைக்கவே கூடாது.

2. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராக இருக்கும் பேனலின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கிளிப்புகளை மெதுவாக இழுத்து விடுவியுங்கள். குளிர்காலம் என்றால் வண்டிக்குள் கொஞ்சம் சூடு ஏறவிட்டுச் செய்யுங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் பட்டென்று உடையும்.

3. ஸ்டீயரிங் தண்டின் பக்கம், டாஷ்போர்டுக்கு அடியில் மாட்யூல் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் மூன்று கோணத்தில் போட்டோ எடுங்கள். வண்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.

4. கனெக்டரின் லாக்கை அழுத்தி, கனெக்டரைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து அல்ல. வரவில்லை என்றால் லாக் இன்னும் விடவில்லை என்று அர்த்தம். பலத்தைக் கூட்டாதீர்கள்.

5. பின்களைக் கண்ணால் பாருங்கள். பச்சை இருந்தால் எலக்ட்ரிக்கல் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். மடங்கிய பின் இருந்தால் இப்போதே நிமிர்த்திவிடுங்கள்.

6. பழைய மாட்யூலை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் புதியதைப் பொருத்தி, ஒவ்வொரு கனெக்டரும் ‘க்ளிக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். பேனலை இப்போது மூடவேண்டாம். பேட்டரியை மட்டும் இணையுங்கள்.

ஸ்பானர் வேலை இவ்வளவுதான். நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேரம்.

புரோகிராம், அப்புறம் அந்த 30 நிமிடம்

புதிய மாட்யூலுக்கு உங்கள் வண்டி எது என்று தெரியாது. டெக் 2 என்ற ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்கேன் கருவி அல்லது அதற்கு இணையான கருவியால், 17 எழுத்து வண்டி அடையாள எண்ணையும் அந்த ஸ்டிக்கரில் உள்ள வசதிக் குறியீடுகளையும் பதியவேண்டும். இந்தக் கருவி வீட்டில் இருக்க வாய்ப்பில்லை. வீட்டுக்கே வந்து செய்யும் ஆட்டோ லாக்ஸ்மித்தை முன்கூட்டியே அழைத்து வையுங்கள். பதியும்போது பேட்டரி வோல்டேஜ் விழக்கூடாது. மாட்யூல் பாதியில் நின்றுவிடும். புரோகிராம் வேலைக்கு ஏற்ற, சீரான வோல்டேஜ் தரும் சப்ளையை இணைத்து வையுங்கள். பழைய காலத்து சார்ஜர் வேண்டாம்.

இது முடிந்த பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பயப்படாதீர்கள். பாஸ்லாக் சென்சாரின் மதிப்பைப் புதிய மாட்யூல் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பொறுமை மட்டும் போதும்.

சாவியை ஆன் செய்யுங்கள். ஸ்டார்ட்டுக்குத் திருப்பி விடுங்கள். சாவி ஆன் நிலைக்கே திரும்பி நிற்கட்டும். செக்யூரிட்டி விளக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள். சுமார் 10 நிமிடத்தில் அது அணையும். அணைந்ததும் சாவியை ஆஃப் செய்து 5 நொடி விடுங்கள். இதையே இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். மொத்தம் மூன்று சுற்று, 30 நிமிடம். மூன்றாவது சுற்று முடிந்து 5 நொடி ஆஃப் செய்த பிறகு ஸ்டார்ட் செய்யும்போதுதான் மாட்யூல் அந்த மதிப்பைப் பதிந்துகொள்ளும். இடையில் கதவைத் திறந்து மூடுவது, ஏசி போடுவது, போனை சார்ஜில் வைப்பது எதுவும் வேண்டாம். நாங்கள் முதல் தடவை ஏழாவது நிமிடத்திலேயே பொறுமை இழந்து ஆஃப் செய்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். அதனால் கையில் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் பிடித்து நிற்காமல் ஓடினால் பழைய கோடுகளை அழித்துவிட்டு உள்விளக்கு, நான்கு கதவு லாக், பகல் விளக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ரிமோட் வேலை செய்யாவிட்டால் அதையும் கற்றுக்கொடுக்கவேண்டும். எல்லாம் சரி என்றால் பேனலை மூடலாம்.

இரவில் பேட்டரி இறங்குகிறதா?

இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை. வண்டி அணைந்து சற்று நேரத்தில் பாடி மாட்யூல் தூங்கிவிடவேண்டும். தூங்காவிட்டால் இரண்டு நாளில் பேட்டரி காலி. மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, நெகடிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே இணையுங்கள். இணைத்த பிறகு கதவைத் திறப்பதோ சாவியைத் திருப்புவதோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அரை மணி நேரம் கழித்து 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இருந்தால் சரி.

நண்பரின் வண்டி 30-ல் நின்றது. அடுத்த வாரம் நல்ல மழை. மறுநாள் காலையில் கீழ்ப் பேனலைத் திரும்பக் கழற்றி, மாட்யூலின் மேல்பக்கத்தையும் கனெக்டர் ஒயர்களையும் விரலால் தடவிப் பார்த்தோம். காய்ந்து இருந்தது.