துக்கத்தில் இருப்பவர்கள் மும்மணிகளிடம் சரணம் போவது எப்படி

அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் இறந்த பிறகு மும்மணிகளிடம், அதாவது புத்தர், அவர் போதனையான தம்மம், அவர் வழி நடக்கும் கூட்டமான சங்கம் ஆகிய மூன்றிடமும் சரணம் போனேன். தெரிந்தவர் வீட்டில் ஓர் இழப்பு என்றால், "அக்கா, அங்கே போய் என்னதான் செய்யணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

எதற்குப் போகிறோம் என்பது முதலில் தெளிவாக இருக்கட்டும். இனிமேல் கஷ்டமே வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் இடம் அல்ல அது. செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தாள் கிசா கோதமி. சாவே விழாத வீட்டில் கொஞ்சம் கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். குழந்தை பிழைக்கவில்லை. வாசல் வாசலாக ஏறி இறங்கியதில் அவளுக்கே விஷயம் புரிந்தது. நேர்த்திக்கடன் மாதிரி பேரம் பேசப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

சென்னையில் எழும்பூர் கென்னத் லேனில் மகாபோதி சங்கம் என்ற பௌத்த அமைப்பின் விகாரை, அதாவது புத்தர் கோயில், இருக்கிறது. நான் போனது அங்கேதான். முன்கூட்டியே அங்குள்ள பிக்குவிடம் (பௌத்தத் துறவி) நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரைப் 'பந்தே' என்று அழைப்பது வழக்கம். வெள்ளை உடுப்பு நல்லது, இல்லையென்றால் வெளிர் நிறம். பூவும் ஊதுபத்தியும் உங்கள் விருப்பம். பெயரை மாற்ற வேண்டியதில்லை.

மண்டியிட்டு 3 முறை விழுந்து வணங்குங்கள். 'நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மா சம்புத்தஸ்ஸ' என்பதை 3 முறை சொல்ல வேண்டும். அப்புறம் பந்தே சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லுங்கள்: புத்தம் சரணம் கச்சாமி, தம்மம் சரணம் கச்சாமி, சங்கம் சரணம் கச்சாமி. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'துதியம்பி' வரும், மூன்றாவதில் 'ததியம்பி'. பாலி உச்சரிப்பு கொஞ்சம் தடுமாறினால் ஒன்றும் ஆகிவிடாது. நடுவில் அழுகை வந்தால் அழுதுவிட்டுத் தொடருங்கள்.

இந்த மூன்றையும் பழைய பாலி உரைகாரர்கள் என் தொழிலை வைத்தே விளக்கியிருக்கிறார்கள். புத்தர் வைத்தியர், தம்மம் மருந்து, சங்கம் அந்த மருந்தில் குணமான கூட்டம். வார்டில் டாக்டர் சொன்னால் நம்பாத நோயாளிகூட, பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து நடந்தால் மாத்திரையை விழுங்கிவிடுவார். அதனால் விகாரைக்கு வருகிறவர்களோடும் கொஞ்சம் பேசிப் பழகுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அங்கேயும் இருப்பார்கள்.

சரணத்தோடு பஞ்சசீலமும் எடுப்பீர்கள்: கொல்லாமை, திருடாமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதை தவிர்த்தல். துக்க வீட்டில் ஐந்தாவதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். தூக்கம் வரவில்லை என்று குடிக்க ஆரம்பித்த ஆண்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு முருகன் படத்தை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். எங்கள் பந்தே அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனால் அம்பேத்கர் வழியில் தீட்சை எடுப்பதாக இருந்தால் விஷயம் வேறு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் சரணம் எடுத்துவிட்டு, கூடியிருந்த லட்சக்கணக்கானோருக்கு 22 உறுதிமொழிகளையும் தந்தார். இந்து தெய்வங்களை வணங்க மாட்டேன் என்பது அவற்றில் உண்டு. அவர்கள் விட்டு வெளியேற நினைத்த துக்கம் சாதி. உறுதிமொழிகளை முன்னதாகவே படித்துவிட்டுப் போங்கள்.

விகாரையோடு முடிவதில்லை. காலையிலும் படுக்கும் முன்பும் அந்த மூன்று வரிகளை வீட்டில் சொல்லுங்கள். ராத்திரி நெஞ்சை அடைத்து விழிப்பு வந்தால், எழுந்து உட்கார்ந்து ஒருமுறை சொல்லிவிட்டு, மூச்சு போய் வருவதைக் கவனியுங்கள். அழுத்தம் எங்கே இருக்கிறது, தொண்டையிலா மார்பிலா என்று பாருங்கள். விரட்ட வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். சரணம் போனவர்கள் மாத்திரை சாப்பிடக்கூடாது என்று எனக்குத் தெரிந்த எந்தப் பிக்குவும் சொன்னதில்லை.

இறந்தவர் பெயரில் பிக்குகளுக்கு உணவு தானம் செய்ய விரும்பினால் முதல் நாளே போன் செய்து எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் அவர்கள் சாப்பிடமாட்டார்கள். 11 மணிக்கெல்லாம் சாப்பாடு போய்ச் சேர வேண்டும்.