சின்ன ரூம்ல சயின்ஸ் கார்னர் வைக்கறது எப்படி

பெங்களூர்ல அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் டியூஷன் எடுக்கறவங்க, அபார்ட்மெண்ட்ல ஒரு ரூம் சும்மா கிடக்கறவங்க நிறைய பேர் பசங்களுக்கு சயின்ஸ் கார்னர் வைக்க ஆசைப்படறாங்க, ஆனா முதல்ல வாங்கறது சுவத்துல மாட்டற சார்ட்டும் கண்ணாடிக்குள்ள பூட்டி வைக்கற மாடலும்தான். அது வேணாங்க. புள்ள தன் கையால எதையாவது மாத்தணும், மாத்தினா கண்ணு முன்னாடி வேற மாதிரி ஏதாவது நடக்கணும்.

முதல்ல கஸ்தூரிபா ரோட்ல விஸ்வேஸ்வரய்யா மியூசியம் போய் பசங்கள கவனிங்க, எங்க பட்டன அமுக்கிட்டு ஓடறாங்க, எங்க நின்னு திரும்ப திரும்ப பண்றாங்கன்னு. ரெண்டாவது வகைதான் நமக்கு வேணும்.

பெண்டுலம் வைங்க, செலவே இல்ல. ஒரே கம்பில பக்கத்து பக்கத்துல ரெண்டு நூல், நுனில கொக்கி, மாட்டறதுக்கு நட்டு. "வெயிட் ஜாஸ்தி ஆனா வேகமா ஆடுமா?"ன்னு மட்டும் கேளுங்க, பதில் சொல்லவே கூடாது. பாதி பேர் ஆமான்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் ரெண்டு நூலும் ஒரே நீளம் வச்சு ஒண்ணுல ஒரு நட்டு, இன்னொண்ணுல மூணுன்னு மாட்டி விடுவாங்க, ரெண்டும் சேர்ந்தே ஆடும், அப்பதான் நூல் மேல கை போகும். 1 மீட்டர் நூல் போயிட்டு வர சுமார் 2 செகண்ட், 25 செ.மீ ஆக்கினா 1 செகண்ட். மூணு நட்டையும் ஒரே கொக்கில மாட்டுங்க, ஒண்ணுக்கு கீழ ஒண்ணா தொங்கவிட்டா நீளமே மாறிடும். ரெண்டு நூல் இருக்கறதால ஸ்டாப்வாட்ச் வேண்டாம், ரெண்டு புள்ளைங்க பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே பண்ணலாம், அந்த பேச்சுலதான் பாதி சயின்ஸ் இருக்கு.

டேபிள் புள்ளையோட முழங்கைக்கு கொஞ்சம் கீழ இருக்கட்டும், பெரியவங்க டேபிள்ல எக்கி எக்கியே கை வலிச்சுடும்.

பசங்களே லைட் எரிய வச்சு பாக்க பல்பு, ஒயர், ஸ்விட்ச் எல்லாம் எஸ்பி ரோட்ல கிடைக்கும். பென்சில் செல் போதும். பட்டன் செல்லும் குட்டி குட்டி பவர்ஃபுல் மேக்னட்டும் கண்டிப்பா வேணாம், முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து.

மொட்டை மாடி இருந்தா ஒரு கம்ப நேரா நட்டு நிழல சாக்பீஸால குறிக்க விடுங்க. பெங்களூர்ல ஏப்ரல் 24 வாக்குல மதியம் 12:17 கிட்ட சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் கம்புக்கு அடியிலயே போயிடும். ஆகஸ்ட் 18 வாக்குலயும் வரும், ஆனா அப்ப மேகம் இருக்கும், ஏப்ரல நம்புங்க. மார்ச்லயே குறிக்க ஆரம்பிச்சா மதிய நிழல் வாரா வாரம் குறையறது அவங்களுக்கே தெரியும்.

நட்டு, நூல், பல்பு ஸ்பேர் ஒரு டப்பால எப்பவும் வைங்க, உடையத்தான் செய்யும், பசங்கள விட்டே மாத்த சொல்லுங்க.