பெருசாகட்டும் என்று விடாதீர்கள்: மாடி நூக்கலில் நான் பார்க்கும் தவறுகள்

போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். பையில் நூக்கல் செடி, அதில் உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு காய், ஒப்பிட்டுக் காட்ட பக்கத்தில் அவன் கை. "அக்கா, இன்னும் பதினஞ்சு நாள் விட்டா இன்னும் பெருசாகும்ல?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சென்னை தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடியில் முதன்முதலாக நூக்கல் வைத்த வருஷம் நானும் இப்படித்தான் நினைத்தேன். விதையை ஆழமாக ஊன்றாதே, செடிக்கு வெயில் வேண்டும் என்பதெல்லாம் விதைப் பாக்கெட்டின் முதுகிலேயே அச்சடித்திருக்கும். அதை விட்டுவிட்டு, அதில் இல்லாததைச் சொல்கிறேன்.

ஆடிப்பட்டத்தில் விதைப்பது

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது அவரைக்கும் வெண்டைக்கும் சரி. நூக்கல் முட்டைக்கோஸின் பங்காளி. குளிர்ச்சி கேட்கும் செடி. 15 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால்தான் அதற்குச் சுகம். ஆடி மாதம் நம் மொட்டைமாடித் தளத்தில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், செடி என்ன பாடுபடும் என்று தெரியும். தண்டு ஒல்லியாக நீளுமே தவிர உருளாது.

ஐப்பசியில் குழித்தட்டில் விதைத்து, அடைமழை படாமல் சன்ஷேடுக்குக் கீழே வைத்துவிடுங்கள். நாலு வாரத்தில் நாலைந்து இலை வந்திருக்கும். கார்த்திகையில் பைக்கு மாற்றினால் தை மாதம் காய். மார்கழி பிறந்த பிறகு விதைத்தால் மாசி வெயிலில் போய் மாட்டிக்கொள்ளும்.

பெருசாகட்டும் என்று விடுவது

இதற்குத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன். மற்ற தவறுகளில் ஒரு செடி போகும், ரெண்டு செடி போகும். இதில் மூன்று மாத உழைப்பு மொத்தமும், அதுவும் கடைசி நாளில், கண்ணெதிரே போகும்.

அந்த வருஷம் மழை தயவு பண்ணியது. புரட்டாசிக் கடைசியிலேயே விதைத்திருந்தேன். மார்கழி நடுவில் பதினாலு காய், ஒவ்வொன்றும் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு. அன்றே பறித்திருக்கலாம். காணும் பொங்கலுக்குக் கொழுந்தனார் குடும்பம் வருகிறது, எல்லாரும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். மார்க்கெட்டில் கிலோவுக்கு மூன்று நிற்கிற காயையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு என்னுடையது பிஞ்சாகத்தான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து எல்லாரையும் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுப் பறித்தேன். அடிப்பக்கம் கத்தி இறங்கவில்லை. அரிவாள்மனையில் உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்தினால் 'நறுக்'கென்று விறகு முறிகிற சத்தம். ஆட்டுக்கறிக் குழம்பில் போட்டேன், ஏழு விசில். கறி கரைந்தே போயிற்று, நூக்கல் அப்படியே நின்றது. வாயில் போட்டுச் சக்கையை இலையோரம் ஒதுக்கிவிட்டு, "அண்ணி, கரும்பு நேத்தே சாப்ட்டாச்சே" என்றார் கொழுந்தனார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது வேகாமல் போனாலும் அந்த வசனம் வரும்.

காரணம் இதுதான். நூக்கல் கிழங்கு இல்லை, காய்கூட இல்லை, பருத்த தண்டு. தண்டுக்குள் தண்ணீர் ஏற்றுகிற குழாய்கள் வயதாக ஆக மரமாகும். வேருக்கு மேலே ஆரம்பித்து மெல்ல மேலேறும். அந்த மரத்தன்மையைத் தருகிற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். எத்தனை விசில் விட்டாலும் கரையாது. வெயில் ஏறினாலும், தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் இன்னும் சீக்கிரம் முற்றும். பெரிதாகியும் இளசாகவே இருக்கிற ராட்சத ரகங்கள் வெளிநாட்டில் உண்டு. நம் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒயிட் வியன்னா, பர்ப்பிள் வியன்னா. இவை அந்த ஜாதி இல்லை.

எங்கள் மாடியில் தெருப் பசங்க அடித்து வந்து விழுந்த டென்னிஸ் பால் ஒன்று இருந்தது. அதுதான் என் அளவுகோல். செடிக்குப் பக்கத்தில் பந்தைப் பிடிப்பேன். காய் அந்த அளவை எட்டினால் அன்றைக்கே கத்தி. சந்தேகமாக இருந்தால் அடிப்பக்கம் நகத்தால் கீறுங்கள். நகம் பதிந்தால் நல்லது, வழுக்கினால் ஏற்கெனவே தாமதம். எல்லாம் ஒரே நாளில் அந்த அளவை எட்டாது. எட்டியதை எட்டியதைப் பறியுங்கள். விருந்தாளிக்காக எதையும் செடியில் விட்டு வைக்காதீர்கள்.

கழுத்து வரை மண் அணைப்பது

முள்ளங்கி வளர்த்த பழக்கம். நூக்கல் மண்ணுக்கு மேலே உட்கார வேண்டியது, மூடினால் அழுகும்.

ஒரு பையில் ஆறு செடி

பன்னிரண்டு அங்குலப் பைக்கு ரெண்டு.

ஆர்.ஓ. கழிவு நீரை ஊற்றுவது

வேண்டாம். உப்பையெல்லாம் வடித்து ஒதுக்கிய தண்ணீர்தான் அது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் போர் தண்ணீரே கரிக்கிற வீடுகள் நிறைய. பையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் மெட்ரோ தண்ணீர். தென்னை நார்க்கழிவையும் ரெண்டு மூன்று தடவை அலசாமல் கலக்காதீர்கள். அதிலும் உப்பு உண்டு. ரெண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் காய் வெடிக்கும்.

இலையின் மேல்பக்கத்தை மட்டும் பார்ப்பது

புழு அடியில் இருக்கும். இலையில் சின்னச் சின்ன ஜன்னல் மாதிரி ஓட்டை தெரிந்தால் திருப்பிப் பாருங்கள். தொட்டதும் துள்ளி நூலில் தொங்குகிற பச்சைப் புழு. வைரமுதுகு அந்துப்பூச்சியின் குஞ்சு. பத்துச் செடிதானே, கையாலேயே பொறுக்கிவிடலாம். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமாக.

சமையற்கட்டில்

தோலை உருளைக்கிழங்குக்குச் சீவுகிற மாதிரி மெல்லிசாகச் சீவக்கூடாது. தோலுக்கு அடியில் இன்னொரு நார்ப்படை இருக்கிறது. கத்தியை அடிப்பக்கம் கொடுத்து, வெளுத்த சதை தெரிகிறவரை கனமாக உரியுங்கள். ஊதா ரகமானாலும் உள்ளே வெள்ளைதான்.

இளங்காயை வேகவைக்கவே தேவையில்லை. மெல்லிசாக நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள் தூவி எலுமிச்சை பிழிந்தால், பீச்சில் விற்கிற மாங்காயைப் பிள்ளைகள் மறந்துவிடும். கூட்டு, சாம்பாரென்றால் துண்டு மிருதுவானதும் இறக்கிவிடுங்கள். ரொம்ப வெந்தால் முட்டைக்கோஸ் நாற்றம் கிளம்பும்.

இளம் இலையைக் குப்பையில் போடாதீர்கள். நடுநரம்பை எடுத்துவிட்டுப் பாசிப்பருப்போடு கடைந்தால் ஒரு வேளைக்கு ஆச்சு. ஃபிரிட்ஜில் வைப்பதானால் இலையைக் கிள்ளிவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் காயின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும்.

தம்பி கதைக்கு வருகிறேன். உடனே பறித்து எடுத்துக்கொண்டு வா என்றேன். என் அடுக்களையிலேயே வெட்டினோம். அடிப்பாதி கட்டை, மேல்பாதி பரவாயில்லை. அதைத் துருவிப் பொரியல் பண்ணினோம். மீதி உரக்குழிக்கு. வீட்டில் இன்னும் ஐந்து இருக்கிறது என்றான். போகும்போது டென்னிஸ் பாலை வாங்கிக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை.