வடசென்னைப் போக்குவரத்து ஆய்வு: கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநகராட்சியோ போக்குவரத்துப் போலீஸோ ஒரு சந்திப்பைச் சீரமைக்க நினைத்தால், வண்டிகளை எண்ணிக் கொடுக்கவும் கணினியில் மாதிரி போட்டுப் பார்க்கவும் பேராசிரியர்களைத்தான் தேடுகிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் நகர்ப்புறப் போக்குவரத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துப் பொறியியல் பிரிவு உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு வளாகங்களும் இருப்பது கிண்டிப் பக்கம். ஐ.டி. கம்பெனிகளுக்குப் போகும் சாலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு தண்டையார்பேட்டையில் வந்து நின்றால், கூட்டல் கழித்தலில் பிழையே இல்லாமல் முடிவு மட்டும் தப்பாகிவிடும்.

முதல் கோளாறு கணக்கெடுக்கும் தேதி. செமஸ்டர் தேர்வு முடிந்ததும் மே மாதத்தில்தான் மாணவர்கள் கிடைப்பார்கள். அதனால் சர்வே மே மாதத்தில் வைக்கப்படுகிறது. பள்ளி விடுமுறை என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கு ஏதாவது திருத்தம் போட்டுக்கொள்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் நாளில் காசிமேட்டுச் சாலையில் நின்று வண்டி எண்ணினால் கிடைப்பது வேறொரு ஊரின் கணக்கு. நேரமும் இதே கதைதான். காலை 8 முதல் 11, மாலை 5 முதல் 8 என்பது அலுவலகம் போகிறவர்களுக்கான நேரம். மீன் ஏலம் விடியுமுன்னே களைகட்டிவிடும். அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறும் பெண்கள், ஐஸ் ஏற்றி வரும் வண்டிகள், வெளியூர் வியாபாரிகளின் வேன்கள் எல்லாம் மாணவர்கள் பேனாவைத் திறக்குமுன் கலைந்துவிடும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். வடசென்னையில் 24 மணி நேரக் கணக்கு எடுக்கப் பணம் இல்லையென்றால் சந்திப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள்.

அப்புறம் அந்தப் படிவம். இரு சக்கர வண்டி, கார், ஆட்டோ, பஸ், லாரி, சைக்கிள், கை வண்டி என்று கட்டங்கள் இருக்கும். ராயபுரத்தில் நிற்கும் பையன் முன்னால் ஒரு மீன்பாடி வண்டி போகிறது. முன்னால் பலகை, பின்னால் மோட்டார், மேலே இரும்புக் கம்பிகள், அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இதை எந்தக் கட்டத்தில் கோடு போடுவது? ஒருவன் ஆட்டோவில் போடுவான், இன்னொருவன் ‘மற்றவை’யில் போடுவான், மூன்றாமவன் விட்டுவிடுவான். முந்தின நாளே இடத்தைப் போய்ப் பார்த்து, என்னென்ன ஓடுகிறது என்று எழுதிக்கொண்டு படிவம் அடித்தால் இந்தக் குழப்பம் வராது.

கட்டத்தைவிடப் பெரிய சிக்கல், அதை வைத்துப் போடும் பெருக்கல். இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 106 நெறிமுறை 1990-ல் வந்தது. எல்லா வண்டியையும் அது ‘கார் அலகாக’, அதாவது ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்று, மாற்றச் சொல்கிறது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் அதில் ஒரே மதிப்பு: அந்த வகை வண்டியின் பங்கைப் பொறுத்து 2.2 முதல் 3.7 வரை. 40 அடிப் பெட்டி ஏற்றிய ட்ரெய்லர் ஒரு திருப்பத்தில் முழுச் சாலையையும் வளைத்துக்கொள்வதை இந்த எண் சொல்லாது. அறுபது பேர் தொங்கிக்கொண்டு போகும் பஸ், மூன்று நான்கு கார்களுக்குச் சமம் என்று ஆகிவிடும். நடந்து போகிறவருக்கு இதில் இடமே இல்லை. அலகைக் கணக்கிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே ஆள் கணக்கையும் போடுங்கள். மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைச் செய்ய வைக்க ஆள் கணக்குதான் உதவும்.

எண்ணூர் பக்கம் நடக்கும் ஒரு வேடிக்கையான பிழையும் உண்டு. வண்டி எண்ணுபவர், தன்னைக் கடந்து போவதை மட்டும்தான் எண்ண முடியும். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்ட நேரத்தில் எதுவுமே கடந்து போகாது. தாளில் எண்ணிக்கை குறையும். அறையில் உட்கார்ந்து அட்டவணையைப் படிப்பவருக்கு ‘இந்த நேரத்தில் நெரிசல் குறைவு’ என்று தோன்றும். உண்மையில் அதுதான் நாளின் மிக மோசமான நேரம். எண்ணிக்கையோடு வேகமும், வரிசையின் நீளமும் சேர்த்து எடுக்காத எந்த அறிக்கையையும் இந்தப் பகுதியில் நம்ப மாட்டேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டும் இப்படித்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சராசரி என்று எழுதினால் கேட் காணாமல் போய்விடும். எப்போது மூடினார்கள், எவ்வளவு நேரம், திறந்தபின் இரண்டு பக்கமும் சாலை முழுக்க அடைத்து நிற்கும் பைக்குகள் பிரிய எத்தனை நிமிடம் ஆனது என்று கடிகாரத்தோடு எழுத வேண்டும்.

பழைய தரவை எடுத்து ஒட்டுவது பற்றிச் சுருக்கமாக. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. அதே ஆண்டு மே மாதம் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதற்கு முந்தைய பயணக் கணக்கெடுப்பு, குறிப்பாகப் பெண்களுடையது, இன்றைக்குச் செல்லாது. மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அப்போது திருவொற்றியூர், மணலி, மாதவரம் தனி நகராட்சிகள். அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் அவை சென்னையோடு சேர்ந்து 200 வார்டு ஆனது. பழைய வார்டு எண்ணைப் புதிய வரைபடத்தில் அப்படியே போட்டால் ஆட்கள் இடம் மாறிவிடுவார்கள். மென்பொருளிலும் கவனம் தேவை. சாலைப் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் விஸ்ஸிம் ஜெர்மனியிலிருந்து வருவது, வண்டிகள் தடம் பிடித்து ஓடும் என்று முதலில் நினைத்துக்கொள்ளும். நம் பைக்குகளுக்கு ஏற்ப மாற்றாமல் ஓட்டினால் படம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி உதவி என்ற பெயரில் நடப்பது. பேராசிரியருக்குக் கட்டுரை வேண்டும், பொறியாளருக்கு எஸ்டிமேட் வேண்டும். இருநூறு பக்க அறிக்கையைக் கொடுத்துவிட்டு, ‘நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. வடசென்னையில் ஒரே சந்திப்பில் மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, துறைமுகம், சிக்னலுக்குப் போலீஸ் என்று ஐந்து பேர் இருக்கலாம். எந்த வேலை யாருடையது என்று பிரித்து, ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு வரைபடம், தமிழில் கொடுங்கள். 2010 சட்டப்படி அமைந்த கும்டாவுக்கு (சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம்) ஒரு நகல் போகட்டும், எல்லோரையும் ஒரே மேசைக்குக் கூட்டுவது அவர்கள் வேலை. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரியில் தரும் நல்ல யோசனை அந்த ஆண்டு பட்ஜெட்டுக்கு ஏறாது. அக்டோபருக்குள் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்தபின் அதே இடத்தில், அதே படிவத்தோடு, அதே மாதத்தில் மறுபடி எண்ணுவதற்கான தொகையை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பிறகு கேட்டால், எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று ஃபைல் நின்றுவிடும்.