டெபிட், கிரெடிட்: முதலில் கணக்கு நோட்டு யாருடையது என்று கேளுங்கள்

கணக்குப்பதிவியல் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இந்தக் குழப்பம் வந்துவிடும். பாஸ்புக்கில் பணம் ஏறினால் கிரெடிட். வகுப்பிலோ, பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் டெபிட் என்கிறார்கள். நானும் முழித்தேன். டெபிட் என்றால் கழித்தல் என்று மனதில் பதிந்திருந்ததுதான் காரணம். முதலில் அதை அழித்துவிடுங்கள்.

படி 1: மளிகைக் கடைப் பற்று நோட்டு

பேங்குக்கு அப்புறம் போகலாம். 3-ஆம் தேதி அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய்க்குக் கடனில் வாங்குகிறீர்கள். அண்ணாச்சி உங்கள் பெயருக்குக் கீழே 'பற்று 1,200' என்று எழுதுகிறார். 10-ஆம் தேதி ஆயிரம் ரூபாய் கொடுக்கிறீர்கள். 'வரவு 1,000'. பாக்கி 200.

பற்றுதான் டெபிட், வரவுதான் கிரெடிட். இப்போது உற்றுப் பாருங்கள். பணம் போனது உங்கள் கையிலிருந்து. ஆனாலும் உங்கள் பெயரில் வரவு என்று எழுதியிருக்கிறது. ஏனென்றால் நோட்டு அண்ணாச்சியுடையது. உங்களிடமிருந்து அவருக்கு வந்தது வரவு, அவரிடமிருந்து நீங்கள் எடுத்துப்போனது பற்று.

லத்தீன் வேரைப் பார்த்தாலும் கிரெடிட்டுக்கு நம்புதல், டெபிட்டுக்குக் கடன்பட்டிருத்தல் என்றுதான் பொருள். கூட்டல் கழித்தல் எங்கேயும் இல்லை.

படி 2: பாஸ்புக்

இங்கே அண்ணாச்சியின் இடத்தில் பேங்க் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் 5,000 கட்டினால் உங்கள் பெயரில் வரவு, அதாவது கிரெடிட். ஏடிஎம்மில் 2,000 எடுத்தால் பற்று. மீதி 3,000-க்குப் பக்கத்தில் சி.ஆர். (கிரெடிட்டின் சுருக்கம்) என்று இருந்தால், அது பேங்க் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. கடன் கணக்கில் அதே இடத்தில் டி.ஆர். (டெபிட்) இருக்கும், அது நீங்கள் தர வேண்டியது.

படி 3: உங்கள் சொந்த நோட்டு

இப்போது பேனா உங்கள் கையில். பேங்க் வெறும் வாடிக்கையாளர். அதே 5,000-ஐ உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டது, ஆகவே பேங்க் கணக்கில் பற்று. கொடுத்தது யார்? கல்லாப்பெட்டி. அதையும் ஓர் ஆளாக நினைத்துக்கொண்டு, ரொக்கக் கணக்கில் வரவு எழுதுங்கள். கல்லாவுக்குள் பணம் விழுந்தால் கல்லா வாங்கிக்கொள்கிறது, அதனால் டெபிட். வகுப்பில் சொன்னது இதைத்தான். 1494-இல் வெனிஸில் லூக்கா பச்சோலி என்ற கணித அறிஞர் அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையும் இதே கதைதான்: ஒரு தொகை, ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்க, இரண்டு இடத்தில் பதிவு.

படி 4: கார்டும் போனும்

கிரெடிட் கார்டில் புடவை எடுத்தால் அந்தக் கணக்கில் விழுவது டெபிட். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். புடவையைத் திருப்பிக் கொடுத்துப் பணம் திரும்பி வந்தால் சி.ஆர். அப்புறம் யுபிஐ: பணம் உங்களுக்கு வர ரகசிய 'பின்' நம்பர் தேவையே இல்லை. 'கிரெடிட் ஆகணும், பின் போடுங்க' என்று யாராவது சொன்னால், உங்கள் கணக்கில் பற்று வைக்கப் பார்க்கிறார்கள்.

சரி, ஒரு பயிற்சி. கரண்ட் பில் 640 ரூபாயை போனிலிருந்தே கட்டினீர்கள். பாஸ்புக்கில் என்ன வரும்? உங்கள் நோட்டில் பேங்க் கணக்கில் என்ன எழுதுவீர்கள்?

பாஸ்புக்கில் டெபிட், உங்கள் நோட்டில் கிரெடிட். இரண்டிலும் ஒரே சொல்லை எழுதியிருந்தால் அண்ணாச்சி கடைக்கு இன்னொரு முறை போய்விட்டு வாருங்கள்.